தகட்டில் நாற்பத்தொன்று

காலை 9.10. கல் அரவை இயந்திரம் நான்காவது முறையாக நின்றது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க மின்சார அதிர்வெண்ணை மாற்றித் தரும் புது டிரைவ், ‘ஓவர்லோடு’ என்று காட்டிவிட்டு அணைந்தது.

அதைத் தேர்ந்தெடுத்தவள் ஆலையின் இளம் பொறியாளர். அவள் கணவன் அங்கேயே பன்னிரண்டு வருஷமாக ஃபோர்மேன்.

“சாயங்காலத்துக்குள்ள ஓடலேன்னா, நீ வேற வேலை பாத்துக்கம்மா,” என்றார் முதலாளி.

10.30. டிரைவ் விற்ற நிறுவனத்திலிருந்து சோதனைப் பொறியாளர் வந்தாள். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் அவளுக்குத் ‘துருவி’ என்றே பெயர்.

“மோட்டார் எத்தனை ஆம்ப்ஸ்?”

“நாற்பத்தொண்ணு. மோட்டார்மேல அடிச்சிருக்கற தகட்டைப் பாத்துத்தான் எழுதினேன். டிரைவ் நாற்பத்தஞ்சு.”

“நாற்பத்தொண்ணுக்கு உருவம் பெரிசா தெரியலையா?”

“பழைய மோட்டார் பெருத்துத்தான் இருக்கும்னு நினைச்சேன்க்கா.”

துருவி குனிந்தாள். மோட்டார் முழுக்கக் கல்தூசி அப்பியிருந்தது. தகட்டில் 41. அதன் நான்கு திருகாணிகள் மட்டும் பளபளத்தன. ஓட்டிப் பார்த்தாள். மீட்டர் அறுபதைத் தொட்டதும் டிரைவ் நின்றது.

11.15. ஃபோர்மேன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

“டிரைவ் கோளாறா?” என்று துருவி அவனைக் கேட்டாள்.

“டிரைவ் என்ன பண்ணும்? அறுபத்தெட்டு ஆம்ப்ஸ் மோட்டாருக்கு நாற்பத்தஞ்சுல வாங்கினா? யானையைக் கட்ட ஆட்டுக்கயிறு! படிச்சவங்களுக்கு நாம சொல்ல முடியுமா?”

12.00. முதலாளி அறை.

“குப்பைக் கிடங்குல ஒரு சின்ன மோட்டார் கிடக்கு. அதுல தகட்டைக் காணோம், நாலு ஓட்டைதான் இருக்கு,” என்றாள் துருவி. “அந்தத் தகடுதான் அரவை மோட்டார்ல ஏறியிருக்கு. ஃபோர்மேன், அறுபத்தெட்டுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பன்னிரண்டு வருஷமா பாக்கறேன்ல.”

“அப்போ தகட்டுல நாற்பத்தொண்ணுன்னு இருந்தப்ப ஏன் வாயைத் திறக்கலை?”

அவன் சட்டைப்பையிலிருந்து நசுங்கிய தகடு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். 68.

“அந்த மெஷினோடயே கிடந்தேன். டிரைவ் எடுக்கணும்னதும் நேத்து வந்தவளைக் கூப்பிட்டாங்க. உன் புருஷனை ஒரு வார்த்தை கேளுன்னு யாராவது சொன்னாங்களா?”

“யாரும் சொல்லாமலே நான் கேட்டேங்க,” என்றாள் மனைவி. “சாப்பிட்டுட்டு இருந்தப்ப. ‘தகட்டுல இருக்கு, பாத்து எழுதிக்கோ’ன்னீங்க.”



அவள் துருவியின் பக்கம் திரும்பினாள்.

“கல் அரைக்கிற வேலை, வெறும் அறுபத்தெட்டு பத்தாது. எண்பத்தஞ்சு ஆம்ப்ஸ்ல, கனமான சுமைக்கான டிரைவ் வேணும். எப்பக்கா வரும்?”