வேறு டிரைவர் வருகிறார்

இறங்கும் இடம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

மழைத் தண்ணீரை வைப்பர் கீச்கீச்சென்று தள்ளிக்கொண்டிருக்க, ஈர மிதியடி நாற்றமும் யாரோ விட்டுப்போன சென்ட் வாசனையும் ஏசி காற்றில் கலந்து சுற்ற, பாலத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தி அவன் போனை இன்னொரு தடவை பார்த்தான். முந்தின சவாரி முடியுமுன்பே ஆப் தானாக ஒட்டவைத்த அடுத்த சவாரி. ஏற்றும் இடம், அவனுடைய வீடு. பயணியின் பெயர், அவனுடைய மகளின் பெயர். ஏழு வயதுப் பிள்ளை. அவளுக்கு ஏது போன்?

மனைவியைக் கூப்பிட்டான்.

"வண்டி ஏதாவது புக் பண்ணியா?"

"நான் எதுக்குப் பண்ணப்போறேன்? பாப்பா இப்பதான் ஸ்கூல் விட்டு வந்தா. எவனாவது வேலையத்தவனா இருக்கும், கேன்சல் பண்ணிட்டு வாங்க."

சொல்வது சுலபம். இந்த வாரம் ஐந்து கேன்சல் ஆகிவிட்டது. ஆறாவது விழுந்தால் ஆப்பில் அவன் ஐடி முடங்கிவிடும். ஏன் என்று கேட்கவும் ஆள் கிடையாது. இந்த முதலாளிக்கு முகமே இல்லை, கண் மட்டும் உண்டு. அதனால் எல்லா டிரைவர்களும் செய்வதையே அவனும் செய்தான். நகராமல் உட்கார்ந்துவிட்டான். பொறுமை போய் கஸ்டமரே கேன்சல் செய்தால் பழி இவன் தலையில் விழாது.

ஐந்து நிமிடம். பத்து.

போன் அதிர்ந்தது.

'நீங்கள் நகரவில்லை. உங்களுக்குப் பதிலாக வேறு டிரைவரை அனுப்பிவிட்டோம்.'

கீழே அந்த டிரைவரின் படம். அவனுடைய முகம். அவனுடைய வண்டி எண். 'டிரைவர் வந்துவிட்டார்.'

கியரைப் போட்டான். பாலம் முழுக்க நெரிசல், ஒரு வண்டியும் வழிவிடவில்லை. மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, வாசல்லயே ஹாரன் அடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க? பாப்பா உங்களைப் பார்த்ததும் குடைகூட எடுக்காம ஓடிவந்து ஏறிட்டா."

"அது நான் இல்ல! அவளை இறக்கு! இறக்கிடு!"

"என்ன சொல்றீங்க? மழையில ஒண்ணும் கேக்கல."

போனில் கார்க் கதவு சாத்தும் சத்தம். பிறகு மழையையும் மீறி ஒரு குரல். அவனுடைய குரல். தினமும் இருபது தடவை சொல்கிற அதே அலுப்போடு.

"ஓடிபி சொல்லும்மா."

மகள் சிரித்தாள். அப்பா விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டாள். நிதானமாக, ஒவ்வொன்றாக, நான்கு எண்களைச் சொன்னாள்.

அவன் கையிலிருந்த போனின் வரைபடத்தில், வீட்டு வாசலை விட்டு ஒரு சின்ன வண்டி நகர ஆரம்பித்தது.