முப்பத்தேழு நிமிடக் கோப்பு

கோப்பில் டாக்டரின் எண் இல்லை. சாராளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அமெரிக்காவில் எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்த கையோடு ஒலிப்பதிவுக் கருவியில் பேசி வைப்பார்கள். அந்தப் பேச்சு மதுரைத் தலைமை ஆபீஸுக்கு வந்து, அங்கிருந்து சிடியில் ஏறி, காலை பஸ்ஸில் போடிக்கு வந்து சேரும். போடியில் பதினோரு பெண்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டுக் கேட்டு டைப் அடிப்பார்கள். அவர்கள் அடித்ததையெல்லாம் திருத்துகிறவள் சாராள். எந்தக் கோப்பானாலும் தலைப்பில் டாக்டரின் எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். இதில் முப்பத்தேழு நிமிடம் என்பதைத் தவிர வேறெதுவும் இல்லை. மதுரைச் சோம்பேறிகளின் வேலை என்று நினைத்துக்கொண்டாள்.

2002, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆராதனை முடிந்து நேராக ஆபீஸுக்கு வந்திருந்தாள். திங்கள் காலைக்குள் முடித்தாக வேண்டிய கோப்புகளை அந்தப் பெண்களை நம்பி விடுவதற்கு அவள் முட்டாளில்லை. திரையில் வெளிச்சம் அடிக்காமலிருக்க ஜன்னல்களில் ஒட்டியிருந்த கறுப்புத்தாளை மலையிலிருந்து இறங்கிய காற்று உப்ப வைத்தது, தளர விட்டது, மறுபடி உப்ப வைத்தது. கீழ்த்தளத்து ஏலக்காய்க் கோடவுனின் வாசனை இந்த அறையில் எப்போதும் உண்டு. சேலையில் ஏறி, சோற்றில் ஏறி, சலித்துப்போன வாசனை.

பெடலை மிதித்தாள். மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும்.

குரல் வரவில்லை. அதற்குப் பதிலாகச் சரக் சரக்கென்று ஒரு சத்தம், சல்லடையில் ஏலக்காய் உருளுகிற சத்தம், நடுநடுவே சல்லடையின் விளிம்பைத் தட்டுகிற ஓசை. ஹெட்போனைக் கழற்றினாள். அமைதி. காற்று மட்டும். மறுபடி மாட்டினாள். சரக் சரக்.

எழுந்துபோய்ப் படிக்கட்டில் நின்று கோடவுன் காவலாளியைக் கூப்பிட்டாள்.

"அம்மாவாசி, கீழ எவளுகளும் சலிக்கிறாளுகளா?"

"இன்னைக்கு ஏதும்மா ஆளு? ஞாயித்துக் கெழம. நான் ஒத்தையிலதான் கெடக்கேன்."

குடித்திருப்பான் என்று முடிவுகட்டி இடத்துக்குத் திரும்பினாள். இப்போது குரல் வந்தது. ஆணா பெண்ணா என்று பிரிக்க முடியாத, ஒவ்வொரு சொல்லின் முடிவையும் கொஞ்சம் இழுத்து நிறுத்துகிற ஆங்கிலம். தப்பில்லாத உச்சரிப்பு. சாராளுக்கு அது பிடித்திருந்தது. பிரேதப் பரிசோதனைக் குறிப்பு. பெண், வயது இருபது, மெலிந்த உடல். வலது நுரையீரலின் மேல்மடலில் எலுமிச்சை அளவு குழிவு. குழிவின் சுவரில் திசுக்கள் செத்து, பாலாடைக்கட்டிபோல உதிர்கின்றன. கேசியஸ் நெக்ரோசிஸ். இரண்டு நுரையீரலிலும் தினையைத் தூவிவிட்டதுபோல் முடிச்சுகள். மிலியரி ட்யூபர்குளோசிஸ்.

விரல்கள் தாமாக ஓடின. இந்தச் சொற்கள் அவளுடையவை. விலங்கியல் படித்துவிட்டு, கடைவீதியில் அப்பாவின் பாத்திரக்கடைக் கல்லாவில் பதினைந்து வருஷம் உட்கார்ந்தவளுக்கு இந்தச் சொற்கள்தான் கடைசியில் மரியாதை தேடித் தந்தன. இங்கே வருகிற பெண்களுக்கு அவற்றை வாயில் வைக்கக்கூடத் தெரியாது. ஒருத்தி ட்யூமர் என்றதை ஹ்யூமர் என்று கேட்டு, நோயாளியின் நுரையீரலில் நகைச்சுவை ஏதும் இல்லை என்று அடித்திருந்தாள். சாராள் அதை எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினாள். பத்துப் பேரும் சிரித்து முடிக்கும்வரை அந்தப் பெண் எழுந்து நிற்க வேண்டியிருந்தது.

அவள் பெயர் பூமாரி. ஆண்டிபட்டி நெசவுக் குடும்பம். தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள். சித்திரையில் இருமல் தொடங்கியது. வைகாசியில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டது. சாயங்காலமானால் கண்ணில் காய்ச்சல் மினுங்கியது. சாராளுக்கு அது என்னவென்று முதல் வாரத்திலேயே தெரியும். அதே அறிகுறிகளை நூறு தடவை திருத்தியவள். ஆனால் ஆபீஸில் டி.பி. என்று பேச்சுக் கிளம்பினால் மற்ற பெண்களை வீட்டில் நிறுத்திவிடுவார்கள், வேலை நின்றுபோகும். ஒருநாள் பூமாரி கைக்குட்டையை மூடிப் பிடித்தபடி அவள் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"மேடம், இருமுனா ரத்தமா வருது. இதுக்கு என்னமோ பேரு சொல்லித் தந்தீகளே."

"ஹீமாப்டிசிஸ். ஸ்பெல்லிங்கச் சொல்லு, பெறகு லீவு கேளு."

பூமாரி சொன்னாள். எழுத்து எழுத்தாக, நடுவில் இரண்டு தடவை இருமி, உதட்டோரத்தைத் துடைத்துக்கொண்டு, தப்பில்லாமல் சொன்னாள். பிறகு பயந்த முகத்தோடு, இது பெரிய வியாதியா என்று கேட்டாள். சூட்டு இருமல்தான், வீட்டில் இரு, கூப்பிட்டு அனுப்புகிறேன் என்றாள் சாராள். அவள் படியிறங்கியதும் அவளுடைய கீபோர்டை டெட்டால் போட்டுத் துடைக்கச் சொன்னாள். திறமை போதாது என்று முதலாளியிடம் சொல்லிப் பெயரை நீக்கிவிட்டாள்.

போன வியாழக்கிழமை பூமாரியின் அப்பா வந்தார். பலவேசம் என்று பெயர் சொன்னார். செருப்பைக் கீழ்ப்படியிலேயே விட்டிருந்தார். மகள் ஆபீஸிலிருந்து இரவல் வாங்கிப் போயிருந்த மருத்துவ அகராதியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"ஆடி ஒண்ணாந்தேதி போயிருச்சும்மா. சூடுதான்னு மேடம் சொன்னாகன்னு சொல்லுச்சு. அதுனால நாங்க ஆசுபத்திரிக்கே போகல."

அகராதியை வாங்கும்போது சாராள் இரண்டு விரலால்தான் வாங்கினாள். அவர் போகும்வரை அவளுடைய மனதில் ஓடியது, இந்த ஆள் இங்கே இருமாமல் போக வேண்டுமே என்பதுதான்.

குரல் சொன்னது: இடது கட்டைவிரலில் பழைய தழும்பு. கைத்தறியில் ஊடுநூலை ஓட்டும் நாடாவின் கூர்முனை பட்டது.

விரல்கள் நின்றன.

அமெரிக்க டாக்டருக்குக் கைத்தறி நாடாவைப் பற்றி என்ன தெரியும்? அந்தத் தழும்பை அவள் பார்த்திருக்கிறாள். ஸ்பேஸ் பாரின் மேல், ஏழாம் எண் கம்ப்யூட்டரில், அசிங்கமாகச் சுருண்ட ஒரு வெள்ளைக் கோடு. எவளோ ஒருத்தி வெளியே போய்ச் சொல்லியிருக்கிறாள். மதுரையில் எவனோ உட்கார்ந்து விளையாடுகிறான். இதற்குக் கூலியாக ஒருவனாவது வேலையை இழக்க வேண்டும். பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

குரல் நிற்கவில்லை.

மரணத்துக்குக் காரணம் தெரிந்ததே என்றது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை. அடுத்த உடல்.

சாராள் ஹெட்போனைக் கழற்றக் கையைத் தூக்கப் பார்த்தாள். கை எழவில்லை. இரண்டு கைகளும் கீபோர்டின் மேல் இருந்தன, விரல்கள் வளைந்து, அடுத்த சொல்லுக்குத் தயாராக. அவை அடிக்கத் தொடங்கியதை வேறு யாருடைய கைகளையோ பார்ப்பதுபோல் பார்த்தாள்.

பெண். வயது நாற்பத்து மூன்று. நன்கு தின்று வளர்ந்த உடல். உட்கார்ந்த நிலையில் இருக்கிறது. காதுகளில் ஹெட்போன். நேரம் மூன்று பத்து.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து.

இடது மார்பில் பாக்கு அளவு கட்டி என்றது குரல். ட்யூமர். கடினமானது, விளிம்பு ஒழுங்கற்றது, அடித்தசையோடு ஒட்டியது. இந்த உடலுக்கு அது ஆறு மாதமாகத் தெரியும்.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் சொல்லவில்லை. குளியலறையில், கதவைத் தாழிட்டு, ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்த்து, இந்த ஊர் டாக்டர்களின் கையில் உடம்பைக் காட்டுவதா என்று சேலையைச் சுற்றிக்கொண்டாள். அவ்வளவுதான். சுவருக்குக்கூடத் தெரியாது.

குரலில் ஓர் இளக்காரம் ஏறிக்கொண்டே வந்தது. அழுகின காயைப் புரட்டிப் பார்க்கிறவளின் இளக்காரம். கொழுப்பு அதிகம் என்றது. பயன் குறைவு என்றது.

முதல் கீறல். இரண்டு தோள்களிலிருந்தும் நெஞ்சுக்கு நடுவில் வந்து கூடி, நேர்கீழே தொப்புள்வரை.

குளிர்ந்தது. முதலில் குளிர் மட்டும்தான். இடது தோளிலிருந்து ஒரு நூல் இறங்குவதுபோல். வலது தோளிலிருந்து இன்னொன்று. நடுநெஞ்சில் இரண்டும் சேர்ந்தன. குனிந்து பார்க்கக் கழுத்து வளையவில்லை. வெதுவெதுப்பாக ஏதோ மடியில் பரவியது. ஏலக்காய் வாசனைக்குள் கறிக்கடை வாசனை.

விலா எலும்புகள் வெட்டப்பட்டன. மார்புத்தகடு அகற்றப்பட்டது.

காற்று உள்ளே பட்டது. எந்தக் காற்றும் படக்கூடாத இடத்தில்.

வலி இல்லை. வலித்திருந்தால் தேவலை. எடை சொல்லச் சொல்ல உள்ளே ஒவ்வோர் இடமாகக் காலியாகிக்கொண்டே வந்தது. வலது நுரையீரல், இவ்வளவு கிராம். இடது, இவ்வளவு. விரல்கள் அடித்தன. கிராமுக்குப் பின்னால் புள்ளி. தப்பில்லை. ஒரு தப்புக்கூட இல்லை.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மாவாசி. ஆபீஸைப் பூட்ட வருகிறான். குடிகாரன். கடவுளே, அந்தக் குடிகாரன். வாயைத் திறந்தாள்.

குரல்வளை அகற்றப்பட்டது என்றது குரல்.

வாய் திறந்தே இருந்தது. சத்தம் வரவில்லை.

அம்மாவாசி வாசலில் நின்று அறையைச் சுற்றிப் பார்த்தான். அவன் பார்வை அவள் முகத்தின் மேல் வந்தது. தங்கவில்லை. தாண்டிப் போனது.

"லைட்டக்கூட அணைக்காமப் போயிட்டாக," என்று முணுமுணுத்தான்.

அருகில் வந்தான். பீடி நாற்றம். அவளுடைய நாற்காலியின் முதுகைப் பிடித்து மேசைக்குள் தள்ளினான். யாருமில்லாத நாற்காலிபோல அது லேசாக, கிறீச்சிடாமல் உள்ளே போனது. அவளுடைய வயிறு மேசை விளிம்பில் இடிக்கவில்லை. இடிக்க அங்கே எதுவும் இருக்கவில்லை.

மெயின் சுவிட்சை இறக்கினான். மின்விசிறி நின்றது. திரை அணைந்தது. கதவு, பூட்டு, படிகள். கீழே ஷட்டர் தரையைத் தொடும் ஓசை.

இருட்டில் விரல்கள் அடித்துக்கொண்டிருந்தன. காதுக்குள் குரல் முன்னைவிடத் தெளிவாக இருந்தது. ஒரு கணம் நிறுத்தி, ஏதோ ஒரு தட்டில் கருவியை மாற்றி வைத்தது.

இனி தலை, என்றது.