காணாமல் போன கைப்படம்

1963 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை. மதியம் இரண்டு பத்து.

சிவகாசி ஆஸ்பத்திரியில் தன் அறைப் பூட்டைத் திறந்து உள்ளே வந்த டாக்டர் பொன்னுத்தங்கம் அப்படியே நின்றுவிட்டார். ஜன்னலோரத்து மேஜையில், அச்சில் சுழலும் மர உருளை மட்டும் மொட்டையாக நின்றது. அதில் சுற்றியிருந்த காகிதம் முழுவதும் போயிருந்தது.

அகலம் ஒரு சாண், நீளம் நூறு முழத்துக்கு மேல். பெத்தணனின் கையிலிருந்து பதினோரு வாரமாக எடுத்த பதிவுகளை ஒன்றோடொன்று ஒட்டிச் சுற்றிவைத்த காகிதம் அது.

பெத்தணன் விஸ்வநத்தத்துப் பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்கிக்கொண்டிருந்தவன். இரண்டு வருஷத்துக்கு முந்தி நடந்த வெடிவிபத்தில் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. கை போனதே தவிர, கையை மூடு என்று மூளை போடும் உத்தரவு நிற்கவில்லை. நரம்பு வழியாக இறங்கி, முழங்கைக்குக் கீழே மிச்சமிருந்த தசைக்கு அது வந்துகொண்டேயிருந்தது. அந்த இடத்தில் டாக்டர் காசு மாதிரி இரண்டு தகடுகளை ஒட்டி, கம்பி இழுத்து மெஷினில் கொடுத்தார். பெத்தணன் இல்லாத விரலை மடக்கப் பார்த்தால் மெஷினின் பேனா காகிதத்தில் துள்ளும். ஒரு சின்ன மோட்டார் தகரப் பிடியை மூடும்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மெட்ராஸிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். முதல் வாரம் தடுமாறிய கோடு பதினோராவது வாரத்தில் எப்படிப் பழகியது என்று காகிதத்தில் பார்த்தால்தான் பணம் ஒதுக்குவார்கள். ஒதுக்கினால் பெத்தணனுக்குச் சொந்தமாக ஒரு கை. காகிதம் இல்லையென்றால் கையும் இல்லை.

இரண்டு நாற்பது. சிவகாசி ஸ்டேஷன் ஏட்டு ஊர்க்காவலன் வந்தார்.

"சாவி எத்தனை?"

"ரெண்டு. ஒண்ணு எங்கிட்ட, இன்னொண்ணு கம்பவுண்டர் கனகசபாபதிகிட்ட."

"கதவு?"

"ஒரு மணிக்கு நானே பூட்டினேன். வந்து பார்க்கும்போதும் பூட்டித்தான் இருந்தது."

ஏட்டு ஜன்னலைப் பார்த்தார். நெட்டுக்குத்தான கம்பிகள். இடைவெளி மூன்று விரல்தான். ஒரு கம்பியில் மட்டும் நீலமாய் ஒரு கறை.

கனகசபாபதி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மெஷினின் பேனாவுக்கு மை ஊற்றுகிறவர் அவர்தான். பத்து விரலும் நீலம். அதைப் பார்த்த டாக்டரின் முகம் சுருங்கியது.

"ஒண்ணுலயிருந்து ரெண்டு வரைக்கும் எங்கன இருந்தீரு?" என்று கேட்டார் ஏட்டு.

"சாப்பிடப் போயிருந்தேன், ஐயா."

"யாரும் பாத்தாகளா?"

"வீட்ல யாருமில்ல. வச்சிருந்த சோத்தப் போட்டுத் தின்னேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இருபத்தோரு வருஷ சர்வீஸ் ஐயா. ஒரு பஞ்சுகூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்ல."

"அளுகாதீரும். இன்னும் ஒம்மள ஒண்ணும் சொல்லல."

மூன்று ஐந்து. ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் பெத்தணனும் அவன் பெண்சாதி முத்துப்பேச்சியும் இருந்தார்கள். அவள் தினமும் புருஷனோடு வந்து, அவன் வேலை முடிகிறவரை அங்கேயே உட்கார்ந்து சரவெடிக்குக் குழாய் சுற்றுவாள். பக்கத்தில் ஓலைப்பெட்டி நிறையக் குழாய்கள், ஒரு சிரட்டையில் பசை.

"மதியம் என்ன செஞ்ச?" என்று பெத்தணனைக் கேட்டார் ஏட்டு.

"கஞ்சியக் குடிச்சேன், கண்ணசந்துட்டேன். எந்திரிச்சா கைப்படத்தக் காணோம்ங்கிறாக. இனி மொதல்லயிருந்தா ஏட்டய்யா? மூணு நாளுதான இருக்கு!"

"நீ யாரையும் பாத்தியா, தாயி?"

முத்துப்பேச்சி தலை நிமிரவில்லை. விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. "பாக்கல. நெனப்ப எளுதுன தாளுதான, போனாப் போகுது. இவுக சோத்துக்கையா போச்சு? அது போயித்தான் ரெண்டு வருசமாச்சே."

ஏட்டு உள்ளே போனார். நீலக் கறையை நகத்தால் சுரண்டினார். மொட்டை உருளையை ஒரு விரலால் தட்டினார். அது சத்தமில்லாமல் வெகுநேரம் சுற்றியது.

நான்கு மணி. எல்லோரையும் அறைக்குள் கூப்பிட்டார். முத்துப்பேச்சி ஓலைப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"டாக்டரம்மா, திருட வந்தவன் சாவி போட்டு உள்ள வந்திருந்தா எதத் தூக்குவான்?"

"உருளையோடதான்."

"ஆமா, தூக்கிட்டு நடையக் கட்டிருப்பான். நூறு முழத்தப் பிரிச்சுக்கிட்டு நிக்க மாட்டான். உருளைய விட்டுப்போட்டுப் போயிருக்குன்னா, உருளை கம்பிக்குள்ள நுளையாதுன்னு அர்த்தம். ஆளு உள்ளயே வரல. வெளிய நின்னு ரெண்டு விரலால நுனியப் பிடிச்சு இளுத்திருக்கு. இங்கன உருளை சுத்தச் சுத்த, அங்கன தாளு சுருண்டிருக்கு."

"கம்பியில மைக்கறை இருக்கே?" என்றார் டாக்டர்.

"மைன்னா சுரண்டும்போது தேயும். இது செதில் செதிலா உதிருது. பசை. பூச்சி அரிக்காம இருக்க நீல மயில்துத்தம் போட்டுக் காச்சின பசை. எங்க வீட்லயும் குழாய் சுத்துறாக, தினம் என் சட்டையில ஒட்டிக்கிட்டு வரும்." அவர் முத்துப்பேச்சியிடம் திரும்பினார். "நூறு முழத்த மடங்காம, கிழியாம சுத்த உன் கைய விட்டா இங்க வேற கை ஏது? டாக்டரம்மா அதத் தசைப்பதிவுங்கிறாக. உம் புருசன் கைப்படம்ங்கிறான். நீ ஒருத்திதான் நெனப்ப எளுதுன தாளுன்ன. அப்பவே எனக்குத் தட்டுச்சு. பெட்டியக் கவுத்து, தாயி."

குழாய்கள் தரையில் உருண்டன. அடியில் இருந்தது சுருள், சுற்று கலையாமல், ஓரம் பிசகாமல்.

பெத்தணன் எழுந்தேவிட்டான். "ஏ புள்ள! கிறுக்கா ஒனக்கு? என் கைய நீயே பறிப்பியா?"

"நாந்தான மொதல்லயும் பறிச்சேன்!" முத்துப்பேச்சி முகத்தைப் பொத்திக்கொண்டாள். "அன்னைக்குக் கஞ்சி கொண்டுபோனேன். தூக்குவாளிய வெளிய வைக்காம ஷெட்டுக்குள்ள கொண்டுபோயிட்டேன். கை நழுவிருச்சு. வாளி தரையில உரசுன பொறியிலதான் மருந்து தீப்பிடிச்சது. இவுக பழியத் தன்மேல போட்டுக்கிட்டாக. இந்தக் கம்பவுண்டர் அண்ணாச்சி சொன்னாக, மனசுல நெனக்கிறதப் பேனா அப்படியே எளுதிரும்னு. மெட்ராஸ்காரக படிச்சவுக. வாசிச்சுட்டா, பொய் சொன்னான்னு கை குடுக்க மாட்டாக. என்னையும் ஜெயிலுக்குக் கொண்டுபோவாக."

கனகசபாபதி தலையைச் சொறிந்தார். "ஒரு பெருமைக்குச் சொன்னேன் தாயி. எளுதும்னதுக்கு நீ இந்த அளவுக்குப் பயப்படுவன்னு நெனைக்கல."

"சொல்லாம விட்டது என் தப்பு" என்றார் டாக்டர். "பதினோரு வாரமா ஜன்னலுக்கு வெளிய இருந்திருக்க. உள்ள கூப்பிட்டு ஒருதரம் காட்டியிருக்கணும். கனகசபாபதி, உம்ம மேலயும் ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன். மன்னிச்சிரும். முத்துப்பேச்சி, கைய மடக்கப் பார்த்தாரா, விரிக்கப் பார்த்தாரா, அது மட்டுந்தான் பேனாவுக்குத் தெரியும். கோபமோ, பொய்யோ, வாளியோ தெரியாது."

"நம்பமாட்டேன்."

"அப்ப நீயே சோதிச்சுப் பாரு."

தகடுகளை ஒட்டினார்கள். புதுக் காகிதம் ஓடத் தொடங்கியது. முத்துப்பேச்சி பேனாவுக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தாள்.

"என்னயத் திட்டி நெனைங்க. அந்த வாளிய நெனச்சே திட்டுங்க."

பெத்தணன் கண்ணை மூடினான். பேனா நேராக ஓடியது.

"நெனச்சீகளா?"

"உம்."

"நல்லா நெனச்சீகளா?"

"வாளியத் திட்டுனேன். ஒன்னயத் திட்டுனேன். இருக்கட்டும்னு ஒங்க அப்பன் வீட்டையும் சேத்துத் திட்டிட்டேன்."

கோடு எறும்பு ஊர்ந்த மாதிரிகூட அசையவில்லை. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் கொஞ்சம் மை ஒட்டியது, அவ்வளவுதான். இரண்டு வருஷமாக அடைத்து வைத்திருந்த மூச்சு மெள்ள வெளியே வந்தது.

ஏட்டு தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார்: காகிதம் ஜன்னல் வழியே வெளியே போயிருந்தது. கிடைத்துவிட்டது. புகார் இல்லை.

"வாளி சமாச்சாரம், ஏட்டய்யா?" என்று மெதுவாகக் கேட்டான் பெத்தணன்.

"நான் காகிதத்தத் தேடித்தாம்லே வந்தேன்."

அப்போதுதான் முத்துப்பேச்சிக்கு உறைத்தது.

"எங்க அப்பன் வீட்டையா திட்டுனீக? அவுக என்ன செஞ்சாக ஒங்களுக்கு?"

கையை ஓங்கினாள். பெத்தணன் சிரித்துக்கொண்டே இல்லாத கையால் தடுத்தான். பேனா காகிதத்தின் ஓரம்வரை துள்ளியது. மேஜையில் கிடந்த தகரப் பிடி டக்கென்று மூடிக்கொண்டது.