முந்திச் சொன்னவனுக்கு மன்னிப்பு

"அய்யோ! ஓனரு... ஓனரு தொட்டிக்குள்ள!"

கூலியாள் அய்யனாரின் அலறல் வடக்கனந்தல் ஜவ்வரிசி ஆலையின் தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

மதியம் ஒரு மணி.

தண்ணீர் வடிந்த தொட்டி. அடியில் கெட்டியாகப் படிந்த மரவள்ளி மாவு. அதில் பாதி புதைந்து கிடந்தார் முதலாளி தீனதயாளன். பின்னந்தலை பிளந்திருந்தது. திறந்த வாய் நிறைய வெள்ளை மாவு!

மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் தேவதர்ஷினி பக்கத்து ஆலை முதலாளியின் அறைக்குள் நுழைந்தார்.

"கவியரசன் சார்... காலையில தீனதயாளன்கூட சண்டையாமே?"

"இன்னா பெரிய சண்டை மேடம்! நாங்க ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினு, கல்வராயன் மலைக்காரங்க கிழங்குக்கு ஒரே கம்மி ரேட்டா குடுத்துக்கினு இருந்தோம். நாலு வருஷமா. இப்ப ஒரு பிரேசில் கம்பெனி எங்க ஆலைங்கள வாங்க வந்துது. அவங்க வக்கீல் நோண்டிக் கண்டுபுடிச்சிட்டாரு."

"அதுக்கு?"

"இப்பிடி கூட்டு சேந்து வெலைய அமுக்குறவங்களுக்கு அபராதம் போட டில்லியில போட்டி ஆணையம் இருக்குதுங்க. மொதல்ல போய் ஒத்துக்கினவனுக்குத்தான் சலுகையே. பிரேசில்ல மொத ஆளுக்கு ஜெயிலும் கிடையாதாம். தென்னாப்பிரிக்காவுல மொத ஆளுக்கு முழு மன்னிப்பு, அடுத்தவன் காலி. இங்க மொத ஆளுக்கு அபராதம் பூராவும் தள்ளுபடி ஆவலாம். ரெண்டாவதுக்குப் பாதிதான். பாதி கட்டுனாலே என் ஆலை ஏலத்துக்குப் போயிடும்!"

"அதான் யாரு முந்துறதுன்னு அடிச்சிக்கிட்டீங்க."

"வாய்ச்சண்டைங்க! பத்தரைக்கு நான் கெளம்பும்போது உசுரோடதான் இருந்தாரு. பதினொண்ணு நாப்பதுக்கு இங்க குந்திக்கினு ஆணையத்துக்கு மனு அனுப்பினேன். நீங்களே பாருங்க!"

செல்போனை நீட்டினார்.

தேவதர்ஷினி வரி வரியாகப் படித்தார். கூட்டுச் சேர்ந்தவர்கள் பட்டியலில் அவர் விரல் நின்றது.

"தீனதயாளன்... காலமானவர்."

"ஆமாங்க... பாவம்."

"பொணம் கெடைச்சதே ஒரு மணிக்கு. பதினொண்ணு நாப்பதுக்கு உங்களுக்கு எமன் போன் பண்ணானா?"

கவியரசன் செல்போனை வாங்கி அந்த வரியைப் பார்த்தார்.

"மனுவுல ஒரு பொய் இருந்தாலும் சலுகை போயிடும்னு என் வக்கீலு சொன்னாருங்க... அதான் உண்மைய எழுதிட்டேன்..."

சட்டென்று சிரித்தார். கோணல் சிரிப்பு.

"இட்டுக்கினு போங்க மேடம்! என் ஆலை என் புள்ளைங்களுக்குத் தப்பிச்சிடுச்சி. மொத ஆளு நான்தான்!"

தேவதர்ஷினி ஒரு தாளை விரித்தார்.

"தீனதயாளன் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எடுத்தது. அவரு மனு அனுப்புனது காலையில ஒம்போது மணி பத்து நிமிஷத்துக்கு. நீங்க அங்க போறதுக்கு முன்னாடியே!"

"பொய்! அவன் எங்கிட்ட சொல்லவே இல்லியே!"

"சொல்ல வுட்டீங்களா?"

"அப்போ... நான்..."

"ரெண்டாவது ஆளு." விலங்கை எடுத்தார் தேவதர்ஷினி. "அபராதத்துல பாதி தள்ளுபடி கெடைக்கும் சார்... தூக்குல மட்டும் பாதி போட்டுட்டு எறக்கி வுட மாட்டாங்க!"