நாலு மணிக்கு இறங்கிய எண்

ஓயாமல் கேள்வி கேட்டுத் தொணதொணப்பதால் அவளுக்கு வீட்டில் ‘தொணா’ என்று பெயர். அன்று திங்கட்கிழமை. பள்ளி விட்டதும் அம்மாவோடு கீழ்த்தள அறைக்குப் போனாள். தலைமையாசிரியையும் மழலை வகுப்பு ஆயாம்மாவும் உடன் வந்தார்கள்.

மழலை வகுப்புப் பிள்ளைகள் மதியம் படுத்துத் தூங்கும் அறை அது. கட்டடங்களின் காற்றைச் சோதிப்பது அம்மாவின் வேலை; அங்கே ரேடானை அளக்க வெள்ளிக்கிழமையே ஒரு பெட்டி வைத்திருந்தாள். ரேடான், மண்ணிலிருந்து தானாகக் கசியும் வாயு. நிறமில்லை, வாசனையில்லை. மூடிய அறையில் சேர்ந்தால் நாளடைவில் நுரையீரலுக்குக் கெடுதல். அளந்து முடியும்வரை கதவையோ ஜன்னலையோ திறக்கவே கூடாது.

பெட்டி மணிவாரியாக அளவைப் பதித்திருந்த தாளைப் பார்த்து அம்மா நெற்றியைச் சுருக்கினாள். “அளவு இறங்கியிருக்கு. வெளிக்காத்து உள்ள வந்திருக்கு டீச்சர். இந்தக் கணக்கை நம்ப முடியாது.”

தலைமையாசிரியை ஆயாம்மா பக்கம் திரும்பினார்.

“சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு?”

“நான் இந்தப் பக்கமே வரலைங்க டீச்சர்.”

“அப்ப ஜன்னல் தானா திறந்துக்கிச்சா? இப்படி இருந்தா உங்களை எப்படி வேலைக்கு வச்சுக்கறது?”

ஆயாம்மா புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டார். மூன்று வயதில் தொணாவைத் தட்டித் தூங்க வைத்த கை அது.

தொணா தாளை வாங்கிப் பார்த்தாள். “அம்மா, ஜன்னலைத் திறந்தா அளவு எப்படி இறங்கும்?”

“மளமளன்னு இறங்கும்.”

“இது மெல்ல மெல்ல இறங்கியிருக்கே. சனிக்கிழமையும் நாலு மணிக்கு, ஞாயித்துக்கிழமையும் நாலு மணிக்கு. ஆயாம்மா என்ன, மணி பாத்து வந்து திறந்தாங்களா?”

“நீ என்ன சொல்ல வர்ற?” என்றார் தலைமையாசிரியை.

“நாலாக இன்னும் இருபது நிமிஷம் இருக்கு டீச்சர். எல்லாத்தையும் மூடிட்டு உக்காந்து பாப்போம்.”

உட்கார மழலை நாற்காலிகள்தான் இருந்தன. தலைமையாசிரியையின் முழங்கால் மோவாயைத் தொட்டது. யாரும் சிரிக்கவில்லை.

நாலு மணிக்கு வழக்கம்போல வெளியே காற்று எழும்பி மரங்கள் அசைந்தன. தொணா ஒரு நூலைத் தொங்கவிட்டபடி சுவரோரம் நடந்தாள். ஜன்னலருகே நூல் அசையவில்லை. கதவருகேயும் அப்படித்தான். பொம்மை அலமாரியின் இடுக்கில் மட்டும் ஆடியது.

“எல்லாரும் இங்க வாங்க.”

அலமாரியை நகர்த்தினார்கள். எப்போதோ குழாயைப் பிடுங்கிய இடத்தில் வெளிச்சுவரில் கைமுட்டி அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியே காற்று சில்லென்று வந்தது.

ஓட்டையைச் சிமெண்டு வைத்து அடைத்தார்கள். பெட்டி மறுபடி இரண்டு நாள் இருந்தது. இந்த முறை அளவு இறங்கவில்லை. ஏறி, ஆபத்தில்லாத அளவின் எல்லைக்கோட்டையும் தாண்டியிருந்தது.

“பழைய கணக்கை நம்பியிருந்தா பிள்ளைங்களை இங்கயே படுக்க வச்சிருப்போம்,” என்றாள் அம்மா. “தரையோட வெடிப்பை எல்லாம் அடைச்சு, மண்ணுக்கடியிலேருந்து காத்தை உறிஞ்சி வெளிய தள்ள விசிறி வச்சாகணும். அதுவரைக்கும் அறையைப் பூட்டிடுங்க.”

மறுநாள் காலை ஆயாம்மா பிள்ளைகள் படுக்கும் பாய்களின் கட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை வந்து கட்டின் மறுமுனையைப் பிடித்தார்.

“விசாரிக்காம பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க,” என்றார் மெதுவாக.

ஆயாம்மா கட்டைத் தன் பக்கம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

“படி பாத்து ஏறுங்க டீச்சர்.”