வயிற்றுக்குள் ஒரு விரல்

"வீல்..."

எக்ஸ்ரே அறையிலிருந்து அந்த அலறல் கிளம்பியபோது, வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து ஓடினார்கள். மீதிப் பேர் காலில் மாவுக்கட்டோடு இருந்ததால் உட்கார்ந்த இடத்திலேயே பயந்தார்கள்.

கதவுக்கு மேலே எரிந்த சிவப்பு விளக்கு அணைந்தது.

இன்ஸ்பெக்டர் தோளால் கதவை இடித்தார். அது இழுக்கிற கதவு. தோளைத் தேய்த்துக்கொண்டே இழுத்துத் திறந்தார்.

உள்ளே...

மேஜை மேல் ஓர் உடல்.

ஒல்லியான ஆண் உடல். நெஞ்சுவரை வெள்ளைப் போர்வை. அசைவே இல்லை. மார்பு ஏறவில்லை, இறங்கவில்லை. முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.

பக்கத்தில், கதிர் படாமலிருக்க மாட்டிவிட்ட கனமான ஈய அங்கியோடு, நகைக்கடை முதலாளி திருதிருவென்று விழித்தார். அவருடைய வலது கை ஆள்காட்டி விரலில் வெள்ளரிக்காய் தடிமனுக்கு ஒரு பேண்டேஜ்.

"செத்துட்டானா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெரியாது சார். ஆடாம இருக்கப் பிடிச்சுக்கங்கன்னு சொன்னாங்க. பிடிச்சேன். அவ்வளவுதான்."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் டெக்னீஷியன் நின்றாள். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத பெண். பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம். அலறியது அவள்தான். கம்ப்யூட்டர் திரையைக் காட்டினாள்.

"சார்... மோதிரம்."

இன்ஸ்பெக்டர் திரைக்குப் பாய்ந்தார். பின்னாலேயே ஓடி வந்த சர்ஜனும் பாய்ந்தார்.

சாம்பல் நிறக் குடல். கீழே இடுப்பெலும்பு. நடுவே, பளிச்சென்று ஒரு வெள்ளை வளையம்.

"என் மோதிரம்..." இன்ஸ்பெக்டர் திரையைத் தடவினார். "மாமனார் போட்ட மோதிரம்."

"சார், என் தம்பி மூச்சு விடலை!"

கதவருகே நின்று கத்தியது ஒரு பெண். படுத்திருந்தவனுக்கு அக்கா. முதலாளிக்கு மனைவி.

டெக்னீஷியன் தலையில் கை வைத்தாள்.

"ஐயோ... மூச்சைப் பிடிங்கன்னு சொன்னேன். விடச் சொல்லலை!"

"சொல்லித் தொலைம்மா!"

"விடுங்க... மூச்சை விடுங்க!"

மேஜை மேல் ஒரு டயர் பஞ்சரானது. அப்படி ஒரு சத்தத்தோடு அவன் மூச்சை விட்டான். போர்வை பறந்தது.

"தேங்க்ஸ் மேடம்," என்றான் பலவீனமாக.

"ஏண்டா, அவங்க சொன்னாத்தான் மூச்சு விடுவியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவன் அப்படித்தான் சார்," என்றாள் அக்கா. "சொன்னதைச் செய்வான். சொல்லாததைச் செய்யவே மாட்டான். அதனாலதான் கடையில எல்லாரும் தலையாட்டின்னு கூப்பிடறாங்க. இவனாவது... மோதிரத்தைத் திருடி முழுங்கறதாவது?"

விஷயம் இதுதான்.

இன்ஸ்பெக்டருக்கு விரல் பெருத்துவிட்டது. மோதிரத்தைக் கொஞ்சம் பெரிதாக்கித் தரச் சொல்லி முதலாளியிடம் கொடுத்திருந்தார். இன்று காலை வாங்கப் போனபோது, முதலாளி கட்டுப் போட்ட விரலை நீட்டி அழாத குறையாகச் சொன்னார். "என் மச்சான் தலையாட்டி அதை வாயில போட்டு முழுங்கிட்டான் சார். தடுக்கப் போனேன். விரலைக் கடிச்சுட்டான்."

தலையாட்டி இல்லவே இல்லை என்றான். பழக்கதோஷத்தில் தலையை மட்டும் ஆமாம் என்று ஆட்டிவிட்டான்.

"எக்ஸ்ரே எடுத்தா தெரிஞ்சுடப் போவுது," என்று இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏற்றினார்.

"எக்ஸ்ரே எல்லாம் எதுக்கு சார்? நேரா ஸ்டேஷனுக்கே கூட்டிட்டுப் போயிடுங்க," என்று முதலாளி வழியெல்லாம் கெஞ்சினார்.

இப்போது எக்ஸ்ரே சொல்லிவிட்டது.

ஆனால் அந்த அறையிலேயே அதிகமாக அதிர்ந்தவர் முதலாளிதான். திரைக்கு அருகில் வந்து மூக்கை உரசினார்.

"நிஜமாவே உள்ள இருக்கா?"

"நீங்கதானே அப்படிச் சொன்னீங்க?"

"ஆமா, சொன்னேன்... ஆனா நிஜமாவே இருக்கா?"

தன் பேண்டேஜை இடது கையால் ஒரு முறை அழுத்திப் பார்த்துக்கொண்டார். முகத்தில் குழப்பம் இன்னும் கூடியது.

தலையாட்டி எழுந்து உட்கார முயன்றான். "மேடம்... வயித்துல குத்துச்சு."

"எப்பப்பா?"

"நீங்க மூச்சைப் பிடிங்கன்னு சொன்னப்ப. நறுக்குன்னு. அப்ப சொல்லலாம்னு பார்த்தேன். மூச்சைப் பிடிச்சிருந்தேனா... பேச முடியலை. குத்தினது..."

"மோதிரத்தோட கல்லு!" சர்ஜன் இடைமறித்தார். கண்கள் மின்னின. "குடலைக் குத்துது. ஆபரேஷன்தான். இப்பவே!"

ஆபரேஷன் தியேட்டரில் ஏ.சி. கெட்டு, பழுதுபார்த்து, நேற்றுதான் திறந்திருந்தார்கள். சர்ஜன் ரொம்ப நாளாக யாரையும் வெட்டவில்லை. கேன்டீனில் ரொட்டியைக்கூட ஏக்கத்தோடு பார்த்து நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆபரேஷன் இல்லாம வெளிய வராதா டாக்டர்?" அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"வரும். ரெண்டு மூணு நாள் பொறுத்தா தானா வரும்."

"என்னால பொறுக்க முடியாது," என்றார் இன்ஸ்பெக்டர். "சாயங்காலம் மாமனார் வர்றார். வந்ததும் முதல்ல என் கையைத்தான் பார்ப்பார். அப்புறம்தான் முகத்தைப் பார்ப்பார்."

"அக்கா..." தலையாட்டி வயிற்றைப் பொத்திக்கொண்டான். "என்னைக் கிழிக்கப் போறாங்களா?"

"டேய், நீ ஒத்துக்காதடா!"

"ஆபரேஷனுக்குச் சம்மதமா தம்பி?" சர்ஜன் குனிந்து குழைவாகக் கேட்டார்.

தலை ஆடியது.

"சம்மதிச்சுட்டான்!"

"அது பழக்கம் சார், சம்மதம் இல்ல!" அக்கா அலறினாள். "ஏங்க, நீங்களாவது சொல்லுங்களேன். நம்ம வீட்டுப் பையன்ங்க!"

முதலாளி கூரையைப் பார்த்தார். "சட்டம் தன் கடமையைச் செய்யட்டும்."

ஸ்ட்ரெச்சர் வந்தது.

தலையாட்டியைத் தூக்கி வைத்தார்கள்.

சக்கரங்கள் நகர்ந்தன...

அப்போதுதான் அந்தத் தொலைபேசி அடித்தது.

டெக்னீஷியன் ஸ்பீக்கரை அழுத்தினாள். வேறு ஊரில் உட்கார்ந்துகொண்டு, கம்ப்யூட்டர் வழியாக வரும் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் சொல்கிற ரேடியாலஜிஸ்ட். தூக்கம் கலையாத குரல்.

"இப்ப ஒரு வயித்துப் படம் அனுப்பினியேம்மா..."

"ஆமா சார். மோதிரம் இருக்கு."

"மோதிரத்தை விடு. மோதிரத்துக்குள்ள ஒரு விரல் இருக்கே... அது யாரோடது?"

டெக்னீஷியன் திரைப்பக்கம் குனிந்தாள்.

"சார்?"

"விரல்மா. எலும்பு எலும்பா தெரியுதே. பெரிசாக்கிப் பாரு. யாரோடதுன்னு விசாரிச்சுட்டு..."

லைன் கட்டானது.

டெக்னீஷியன் படத்தைப் பெரிதாக்கினாள். குடலின் நிழலுக்கு மேல் மங்கலாக, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று சின்ன எலும்புகள். அடி எலும்பைச் சுற்றி மோதிரம்.

விரலேதான்.

இன்ஸ்பெக்டர் இரண்டடி பின்வாங்கினார். இடுப்பில் கை போனது.

"அடப்பாவி... ஆளையே தின்னுட்டியா?"

"சார், நான் காலையில ரெண்டு இட்லி..."

"பேசாதே! திருட்டுக் கேஸ்னு நினைச்சேன். இது கொலைக் கேஸ்! விரல் இங்க இருக்கு. மீதி உடம்பு எங்கே?"

"அது இவன் வயித்துல கொள்ளாது சார்," என்றார் சர்ஜன் தொழில்முறையில்.

இன்ஸ்பெக்டர் வராந்தாவுக்கு ஓடினார். "யாரும் நகரக் கூடாது! எல்லாரும் கையைத் தூக்குங்க. விரலை எண்ணணும்!"

பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் கைகளைத் தூக்கினார்கள். தோள்பட்டை இறங்கி எக்ஸ்ரேக்கு வந்திருந்த ஒருவர் தூக்கியபோது 'க்ளக்' என்று கேட்டது. "சரியாயிடுச்சு சார்," என்று அவர் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

விரல்கள் சரியாக இருந்தன.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். அறையில் இருந்தவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவரின் கண்கள் ஓர் இடத்தில் நின்றன.

பேண்டேஜ்.

"முதலாளி... இவன் உங்க விரலைக் கடிச்சான்னு சொன்னீங்க."

"ஆ... ஆமா சார்."

"கடிச்சானா... கடிச்சே எடுத்துட்டானா?"

முதலாளியின் நெற்றியில் வேர்வை. இல்லை என்றால் கட்டைப் பிரிக்கச் சொல்வார்கள். ஆமாம் என்றால்?

யோசிக்க நேரமில்லை.

"எடுத்துட்டான் சார்," என்றார். "விரல் போயிடுச்சு."

"அதை ஏன்யா முன்னாடியே சொல்லலை?"

"குடும்ப மானம் சார்."

அக்கா திரைக்கு முன்னால் போய் நின்றாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இவர் விரல்தான் சார். எனக்கு நல்லாத் தெரியும்."

"எலும்பைப் பார்த்தே சொல்றீங்களா?"

"நுனி எலும்பு இடது பக்கம் கோணியிருக்கு பாருங்க. ஒரு தடவை பீரோ கதவுல வெச்சு நசுக்கிட்டேன்."

"தெரியாமத்தானே?"

"இல்ல, தெரிஞ்சேதான். கல்யாணமான நாள்லேருந்து என் மூஞ்சிக்கு நேரா நீளுற விரல் சார் இது. எந்தக் கூட்டத்துல பார்த்தாலும் கண்டுபிடிச்சுடுவேன்."

சர்ஜன் துள்ளினார். "அப்போ ரெண்டு ஆபரேஷன்! இவன் வயித்தைத் திறந்து விரலை எடுக்கறோம். அவர் கையில தைக்கறோம். முதல்ல அந்தக் கட்டைப் பிரிச்சுக் காயத்தைப் பார்க்கணும்."

"வேண்டாம்!" முதலாளி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "எனக்கு ஒன்பதே போதும் சார். பழகிக்கறேன்."

"விரல் வேண்டாமா?"

"மச்சானுக்கே இருக்கட்டும்."

ஸ்ட்ரெச்சரிலிருந்து ஒரு கை மெல்ல உயர்ந்தது. வகுப்பில் சந்தேகம் கேட்கிற மாதிரி.

"சார்... நான் பேசலாமா?"

"பேசித் தொலைடா."

"வயித்துல குத்துச்சுன்னு சொன்னேன் இல்ல... முழுசா சொல்ல விடலை. மோதிரம் குத்தலை சார். அத்தான் குத்தினாரு. அசையாதடா கழுதைன்னு போர்வைக்கு அடியில கையை விட்டு, ஒத்தை விரலால நறுக்குன்னு குத்தினாரு. கட்டுப் போட்ட விரலால."

டெக்னீஷியன் மேஜையைப் பார்த்தாள். போர்வையைப் பார்த்தாள். மேலே தொங்கிய எக்ஸ்ரே கருவியைப் பார்த்தாள். படம் எடுக்கிற இடத்தை அது வெளிச்சச் சதுரம் போட்டுக் காட்டும். கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும். பிடித்துக்கொள்கிறவர் கை அந்தச் சதுரத்துக்கு வெளியே இருக்க வேண்டும். பட்டனை அழுத்துமுன் அதை ஒரு முறை பார்ப்பது அவள் வழக்கம். இன்று எல்லாவற்றையும் இரண்டு முறை பார்த்துப் பார்த்து, விளக்கே அணைந்துபோய், அதை மட்டும் பார்க்கவில்லை.

"சார்..." என்றாள். "எக்ஸ்ரேல எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா விழும். வயித்துக்கு உள்ள இருக்கறதும், வயித்து மேல இருக்கறதும் ஒரே மாதிரிதான் தெரியும். துணி தெரியாது. போர்வை தெரியாது."

நிறுத்தி, மெதுவாகச் சொன்னாள்.

"பேண்டேஜும் தெரியாது."

எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள்.

அவர் கதவை நோக்கி ஓடினார். வேகமாகத் தள்ளினார்.

அது உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கிற கதவுதான். ஆனால் ஈய அங்கியோடு ஓடி யாரும் தூரம் போனதில்லை. வராந்தாவில் நாலாவது பெஞ்சருகே மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் நடந்தே போய்ப் பிடித்தார்.

கட்டு பிரிந்தது. சுற்று சுற்றாக.

உள்ளே முழுசாக ஒரு விரல். கொஞ்சம் கோணல். வீங்கி, சிவந்து, அடியில் இறுகிப்போய் இன்ஸ்பெக்டரின் மோதிரம்.

"பெரிசாக்கறதுக்கு முன்னாடி சும்மா போட்டுப் பார்த்தேன் சார்," முதலாளி முனகினார். "அழகா இருந்துச்சு. கழட்டப் பார்த்தா வரலை. சோப்பு போட்டேன், எண்ணெய் போட்டேன். அதுக்குள்ள நீங்க கடை வாசல்ல ஜீப்பை நிறுத்திட்டீங்க. பயத்துல..."

"பயத்துல என் தம்பி முழுங்கிட்டான்னு சொல்லிட்டீங்க." அக்கா நிதானமாகக் கேட்டாள். "அவன் வயித்தைக் கிழிக்கக் கத்தி எடுக்கறவரைக்கும் பேசாம நின்னீங்க."

"அவன் எதிர்த்துப் பேச மாட்டானேன்னு..."

சர்ஜன் கத்தியோடு நெருங்கினார். முகத்தில் பழைய ஒளி.

"வீக்கம் ஜாஸ்தியா இருக்கு. இழுத்தா வராது. ஒண்ணு, மோதிரத்தை வெட்டணும். இல்லேன்னா..."

"மோதிரத்துல ஒரு கீறல் விழக் கூடாது," என்றார் இன்ஸ்பெக்டர்.

"சார்!" முதலாளி அலறினார். "அப்போ விரல்?"

"விரல் போயிடுச்சுன்னு நீங்கதானே ஸ்டேட்மென்ட் கொடுத்தீங்க?" என்றாள் அக்கா. "ஒரே வாய்ல எத்தனை பேச்சுங்க?"

"முதல்ல விரலை ஒரு படம் எடுத்துடலாம் டாக்டர்," டெக்னீஷியன் குறுக்கிட்டாள். "எலும்பு அடிபட்டிருக்கான்னு பார்க்கணும்."

முதலாளியின் கையை மேஜையில் பரப்பினாள். வெளிச்சச் சதுரத்தைப் பார்த்தாள். அணைந்ததும் மறுபடி போட்டுப் பார்த்தாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனாள். விரல் படத்துக்கு மூச்சைப் பிடிக்கத் தேவையே இல்லை. ஆனால் வாய், பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க..."

பயத்தில் முதலாளி இழுத்துப் பிடித்தார். கன்னம் உப்பியது. முகம் சிவந்தது.

ஸ்ட்ரெச்சரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தலையாட்டி, வாழ்க்கையில் முதல்முறையாகத் தலையை இடமும் வலமுமாக ஆட்டினான்.

"மேடம்... விடச் சொல்றதை இப்பவும் மறந்துடுங்க."