செவிவலை

அன்று காலையில் மூன்றாவது முறையாகக் கஸ்பாரின் வலை, மீன் சேரும் பையான மடி வெறுமையாகத் தொங்க, மேலே வந்தது. கால் மைல் தள்ளித் தன் விசைப்படகில் நின்றிருந்த லெயோன் வயிறு குலுங்கச் சிரித்தான். கஸ்பார் அவன் மனைவிக்கு அண்ணன். அதனால் சிரிப்பு இன்னும் இனித்தது.

வயர்லெஸ் கரகரத்தது. "எத்தன நாளைக்குல இந்த ஈனப் பொழப்பு?" என்றார் கஸ்பார்.

"ஓங்கில் கத்துனா நான் என்ன செய்ய, மச்சான்? அதுட்ட போயி கேளுங்க."

செவிவலைச் சட்டம் வந்து நான்கு வருடமாகிறது. கடலோடிகள் ஓங்கில் என்று சொல்லும் டால்பின்களும் கடற்பன்றிகளும் வலையில் சிக்கி மூச்சுமுட்டிச் சாவதைத் தடுக்க வந்த சட்டம். வலை முழுக்கப் பட்டாணி அளவில் செவிமணிகள் கோத்திருக்கும். சிக்கிய ஓங்கில் அவலமாகச் சீழ்க்கை அடித்தால் அவை கேட்டுக்கொள்ளும். இரண்டே நொடியில் மடியின் அடிப்பக்கம் தானாக அவிழ்ந்து, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே போய்விடும். செவிவலை இல்லாத படகு துறைமுகத்தை விட்டு நகர முடியாது. சட்டம் எழுதியவர்கள் ஓங்கிலைப் பற்றிக் கரைத்துக் குடித்திருந்தார்கள். மச்சான்களைப் பற்றித்தான் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அதற்குச் சில நாள் முன்பு தன் வலையில் மாட்டிய குட்டி ஓங்கிலின் சீழ்க்கையை லெயோன் பதிவு செய்துகொண்டான். தண்ணீருக்கு அடியில் ஒலிக்கும் பெட்டி ஒன்றில் அதை ஏற்றினான். கஸ்பார் வலை இழுக்கும் பக்கமாகப் போய்ப் பெட்டியை இறக்கினான். அவ்வளவுதான் வேலை. அந்தப் பெட்டிக்குக் 'கூவி' என்று பெயரும் வைத்தான்.

கஸ்பார் என்ன இளிச்சவாயரா? பத்தே நாளில் அவரிடமும் ஒரு கூவி இருந்தது. இரண்டு மாதத்தில் துறைமுகத்தில் கூவி இல்லாத படகே இல்லை. கடலுக்கடியில் காலை முதல் மாலை வரை இல்லாத குட்டிகள் அழுதுகொண்டிருந்தன. நிஜ ஓங்கில்கள் கூட்டம் கூட்டமாக வந்து, அழுகிற குட்டியைத் தேடி அலைந்தன. அதைப் பார்த்து இரக்கப்பட அங்கே ஒருவனுக்கும் நேரமில்லை. கரையில் இருந்த அதிகாரிகளோ, ஓங்கில் சாவு அறவே ஒழிந்தது என்று மகிழ்ச்சியாக அறிக்கை எழுதினார்கள்.

பதினொரு நாள் தொடர்ந்து லெயோனின் வலை வெறுமையாக வந்தது. படகில் அவனோடு வேலை செய்த தம்பி ரெமிக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, எல்லாரும் கூவிய கரையில எறக்கி வச்சிட்டா தீந்துபோச்சி. நீங்களே மச்சான்ட்ட ஒரு வார்த்த பேசுங்க."

"அவன்ட்ட போயி நானா? செத்தாலும் மாட்டேன். வலைய செவிடாக்கிடுறேன், பாரு."

கடற்கரையில் குகைக் கோயிலான கெபியில் ஊரார் மாதாவுக்கு ஏற்றி, எரிந்து மிஞ்சிய மெழுகுத் துண்டுகளைப் பை நிறையப் பொறுக்கி வந்தான். உருக்கி, ஒவ்வொரு செவிமணியின் துளையிலும் சொட்டுச் சொட்டாக விட்டான். மணியை உடைத்தால் சோதனையில் தெரிந்துவிடும். மெழுகென்றால் அதிகாரி வருவதற்கு முன் வெந்நீரில் கழுவிவிடலாம். மாதா மெழுகு மோசம் போகாது என்று வேறு நினைத்துக்கொண்டான். ரெமி முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து பாதி வலையை அடைத்துக் கொடுத்தான்.

மடி மறுபடி நிறைந்தது. இந்த யோசனை தனக்கு மட்டும்தான் வந்தது என்று நினைத்து லெயோன் வாயைத் திறக்கவில்லை. ஊரில் எல்லோருக்குமே மீன் கிடைக்கத் தொடங்கியிருந்ததைக் கவனித்தான். பருவம் திரும்பிவிட்டது போல என்று விட்டுவிட்டான்.

அடுத்த வாரம், பகல் பதினொரு மணி. வலை இறங்கிக்கொண்டிருந்தது. படகு ஒரு குலுக்குக் குலுங்கியது. பின்தளத்தில் நின்ற ரெமி கால் வழுக்கி, விரிந்துகொண்டிருந்த வலையின் வாய்க்குள்ளேயே விழுந்தான். தண்ணீரின் இழுப்பு அவனை நேராக மடிக்குக் கொண்டுபோனது.

லெயோன் எஞ்சினை நிறுத்தி, வலையைச் சுருட்டி இழுக்கும் விஞ்சைத் திருப்பினான். வலை மேலே வரப் பத்து நிமிடமாகும். ஒரு மனிதனின் மூச்சு மூன்று நிமிடம் தாங்கினால் பெரிது. மடி அவிழ்ந்தால் மட்டுமே தம்பி பிழைப்பான்.

அவன் கூவியைக் கடலில் இறக்கி, உச்ச ஒலியில் வைத்தான். ஆயிரம் மணிகளில் ஒன்றையாவது அடைக்காமல் விட்டிருக்க மாட்டோமா? ஒன்று கேட்டால் போதும். அம்மா மாதாவே, ஒன்று. அந்த ஒலி இரண்டு மைல் போகும். சுற்றிலும் ஏழு படகுகள் வலை இழுத்துக்கொண்டிருந்தன. அத்தனை வலையும் திறந்திருக்க வேண்டும். அத்தனை பேரும் இந்நேரம் வயர்லெஸ்ஸில் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டியிருக்க வேண்டும்.

யாரும் திட்டவில்லை.

தெற்கிலிருந்து நான்கைந்து ஓங்கில்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தன. படகைச் சுற்றவில்லை. நேராக வலை இருந்த இடத்தில் மூழ்கின.

அப்போதுதான் கஸ்பாரின் குரல் வந்தது. அதில் நக்கல் குறையவில்லை.

"எதுக்குல சும்மா கத்தவிடுற? இங்க ஒருத்தன் வலயும் தெறக்காது. எல்லாவனும் மெழுகு வச்சி அடச்சாச்சி. நீ ஒருத்தன்தான் புத்திசாலின்னு நெனச்சியோ?"

"ரெமி உள்ள கெடக்கான், மச்சான்."

ஏழு படகுகளும் ஒன்றன்பின் ஒன்றாக எஞ்சினை நிறுத்தின. பத்து நிமிடம் கழித்து மடி மேலே வந்தது. ரெமியோடு இரண்டு ஓங்கில்களும் செத்துக் கிடந்தன. ஒன்று தன் மூக்கை அவன் முதுகுக்கு அடியில் கொடுத்திருந்தது, குட்டியை மூச்சுவிட மேலே தூக்குகிற மாதிரி.

லெயோன் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு தளத்தில் உட்கார்ந்திருந்தான். கூவியை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. தெற்கிலிருந்து இன்னும் ஓங்கில்கள் வந்துகொண்டிருந்தன.